கோவில்பட்டியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா?

கேள்வி: மூன்று வருடமாகக் கதை எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. ஃபேஸ்புக்கில் போட்டால் பத்து லைக், அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள். ஊக்கம் தர ஆளே இல்லாத நான் எழுதுவதை விட்டுவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தாராளமாக விடலாம். ஏன் எழுதவில்லை என்று யாரும் வீடு தேடி வந்து கேட்கப்போவதில்லை, உங்கள் மாமாவுக்கும் ஒரு லைக் மிச்சம். ஆனால் இதைக் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்தில்தானே இருக்கிறது இடைசெவல். அங்கே எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சின்ன வயதுச் சேக்காளிகள், புத்தகமும் சங்கீதமுமாகப் பேசியே பொழுதைப் போக்கியவர்கள். அழகிரிசாமி பிழைப்புக்குச் சென்னை போன பிறகு பேச்சு கடிதத்துக்கு மாறியது, அந்தக் கடிதங்களே பின்னால் புத்தகமாக வந்தன. கி.ரா. விவசாயி, பெரிய படிப்பு கிடையாது, சிறுகதையில் இறங்கியதே முப்பதைத் தாண்டித்தான். 1970-இல் அழகிரிசாமிக்கு, அதுவும் அவர் இறந்த பிறகு, 1991-இல் கி.ரா.வுக்கு என்று ஒரே கிராமத்துக்கு இரண்டு சாகித்திய அகாதெமி விருது. சரி, விருதை விடுங்கள், அது பிற்பாடு வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் இவர்களைச் சுற்றிக் கூட்டமா நின்றது? ஒருவருக்கு இன்னொருவர் இருந்தார், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியதும் அப்படி ஒரே ஒரு ஆள். 'சூப்பர்' என்று போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை, 'ஏய், இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கிறாய்' என்று உங்கள் காகிதத்தில் விரல் வைக்கிறவர். அப்படி ஒருவர் சும்மா கிடைக்க மாட்டார், முதலில் நீங்கள் அவருடைய எழுத்தை அந்த மாதிரி படித்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் நாலு பக்கம், அதில் கடைசியாக எந்தக் கதையைப் படித்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. கவிஞர் தேவதச்சன் உங்கள் ஊரில் நகைக்கடை நடத்தியவர், அந்தக் கடைக்கு நகை வாங்கப் போனவர்களைவிடக் கவிதை பேசப் போனவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஊரில் ஆள் இல்லையாம்!

பதில் போடாதது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நான் கதை அனுப்பிய காலத்தில் தபால்தலை ஒட்டிய உறையைக் கூடவே வைத்தால் 'வருந்துகிறோம்' என்று ஒரு அச்சடித்த சீட்டாவது திரும்பி வரும். என்னிடம் 11 சீட்டு இருந்தது. ஒன்றிலும் காரணம் இருக்காது.

உங்களுக்குக் காரணம் சொல்கிறேன். எங்களுக்கு அனுப்பிய கதையில் முதல் இரண்டு பக்கம் வானம், மேகம், மனசு. மூன்றாவது பக்கத்தில்தான் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காக அம்மா இருட்டில் தூக்குச்சட்டியோடு நிற்கிறாள். அந்த இருட்டில் தொடங்கி, தலைப்பையும் மாற்றி, மறுபடி அனுப்புங்கள். இந்தத் தடவை நானே படித்துப் பதில் போடுகிறேன்.