பரிசலில் போனவர்களுக்குப் பிச்சாவரத்தில் என்ன புதுசு?

கேள்வி: தை மாதம் பிள்ளைகளோடு பிச்சாவரம் போகலாம் என்றிருக்கிறோம். ஒகேனக்கல் பரிசலில் ஏறி வளர்ந்தவர்களுக்கு அங்கே புதுசாக என்ன இருக்கிறது? ஒரு கன்று கொண்டுவந்து எங்கள் ஏரிக்கரையில் நடவேண்டும் என்கிறாள் ஆறாவது படிக்கும் மகள். நடலாமா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: தண்ணீர் புதுசு இல்லை அம்மா. உங்கள் பக்கத்து அருவியில் விழுகிற காவிரிதான் மேட்டூரைத் தாண்டி, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, பிச்சாவரம் காட்டுக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. வடக்கே வெள்ளாறு. நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. ஆறும் கடலும் கலந்தால்தான் அந்த மரங்களுக்குத் தோது. ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் சேற்றில் உப்பு ஏறிவிடும்.

தை மாதம் நல்ல தேர்வு. வெயில் கொல்லாது, வலசைப் பறவைகளும் இருக்கும். போனதும் துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையாது, காட்டின் அழகெல்லாம் அங்கேதான். சுரபுன்னை, பழைய வீட்டுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி வேர்களை இறக்கி நிற்கும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல. மூச்சுவிடத்தான்!

தாவரவியல் வாத்தியாராக இருந்தவன் நான். ஆனாலும் முதல் தடவை போனபோது, மாணவர்களுக்குக் காட்டுகிறேன் என்று ஒரு கிளையை ஒடிக்கப் போனேன். "சார், கையை எடுங்க. அது தில்லை. பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்றார் படகுக்காரர். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான். பாடத்தில் நடத்தியிருக்கிறேன், மரத்தை அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் முன்னால் மானம் போயிற்று.

கன்று வேண்டாம். அது காப்புக்காடு, 2022-இல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சுரபுன்னையில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைக் காய் என்று பறித்துவிடாதீர்கள். மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று அது. கீழே விழுந்து சேற்றில் ஊன்றிக்கொள்ளும், அல்லது மிதந்துபோய் வேறு இடம் பார்க்கும்.

நடுவதில் ஆசை இருக்கிற மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முன்பு அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டினார்கள். வெயில் பட்டுத் தரை காய்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி வற்ற, நம் கழனியில் உவர் பூக்குமே, அந்தக் கதிதான். அப்புறம் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல்நீர் ஓதத்தோடு ஏறி இறங்க வழி கிடைத்தது. அதன்பிறகு நட்டதுதான் பிழைத்தது. கன்றைவிட வாய்க்கால்தான் அங்கே பெரிய வேலை.

கேள்வி: 2004 சுனாமியை அந்தக் காடு தடுத்தது உண்மையா?
- ஒரு கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு, அது உண்மை. கடலிலிருந்து தள்ளி, சற்று மேட்டில் இருந்ததும் ஒரு காரணம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கணக்கு.

பென்னாகரம் அம்மாவுக்கு இன்னொன்று: வெண்கண்டல் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும், மகள் பார்க்கட்டும். எந்த இலை என்று மட்டும் படகுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.