படித்துறை முதலா, தண்ணீர் முதலா?

கேள்வி: காசிக்குப் போய் வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நம் அனுமன்தீர்த்தத்துத் தென்பெண்ணைக் கரையையும் அப்படிச் சீரமைக்கக் கூடாதா?
- வாசகி, அரூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம், அம்மா. ஆனால் காசியில் உங்கள் மனசைப் பிடித்தது எது? 2021 டிசம்பரில் திறந்த விசுவநாதர் கோயில் வளாகமா, பழைய படித்துறைகளா? என் ஓட்டு படித்துறைக்குத்தான். சுனார் என்ற ஊரின் மணற்கல்லில் கட்டியவை. மழைக்காலத்தில் கங்கை ஏறி மூழ்கடித்தும் நிற்கின்றன. வெள்ளம் வடிந்ததும், படிகளில் கெட்டித்துக் கிடக்கும் வண்டலை மோட்டார் வைத்துத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளுகிறார்கள். அந்தப் பராமரிப்பு இங்கேயும் வர வேண்டும்.

கருங்கல்லுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. பாலிஷ் போட்ட கல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈரக்காலோடு ஏறும் பாட்டிமார் வழுக்கி விழுவார்கள். உளி கொத்திய சொரசொரப்பான கல், அகலமான படி, பிடித்து இறங்கக் கம்பி. பெண்கள் உடை மாற்றும் அறை ஆடிப்பெருக்கு அன்று மட்டுமல்ல, எல்லா நாளும் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். என் கவலையெல்லாம் இதில்தான். மேலே, ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலேயே தென்பெண்ணை கழிவுநீர் கலந்து நுரை பொங்கி வருகிறது. அதைச் சரிசெய்யாமல் கரைக்கு எத்தனை கோடி கொட்டினாலும், இங்கே முங்கி எழுந்து தீர்த்தமலை ஏறும் பக்தருக்கு என்ன பயன்? மனு எழுதினால் கழிவுநீரை முதலில் எழுதுங்கள், படியை அடுத்து.