எடை போட்டால் மட்டும் போதாது

கேள்வி: எக்ஸ் கதிரில் ஒரு விண்மீன் மண்டலம் பளிச்சென்று தெரிந்தால், அதன் நடுவே பெரிய கருந்துளை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறகு அதன் ஒளியைப் பிரித்து முதல் வகை, இரண்டாம் வகை என்று பெயர் சூட்டுவது வெட்டி வேலைதானே? நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சோறு போடுமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதல் வரியிலேயே சறுக்கிவிட்டீர்கள், ஐயா. பல கோடி டிகிரி சூட்டில் கிடக்கும் வாயுவும் எக்ஸ் கதிர் வீசும். நம் பால்வீதியிலேயே இருக்கும் விண்மீனும் வீசும். படத்தில் பக்கத்து விண்மீனும் தொலைதூர மண்டலமும் ஒரே மாதிரிப் புள்ளிகள்தாம்.

நானும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ஸ்டோரில் பால் வாளியை எடை போட்டதோடு கணக்கு முடியாது. தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, ஒரு சின்னக் குவளையில் கொஞ்சம் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைப்பார். அதைத் தட்டையாக்கிக் காயவைத்து நிறுத்தால்தான் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். எக்ஸ் கதிர் வெளிச்சம் வாளியின் எடை என்றால், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைதான் அந்தக் குவளை. அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள இடத்தில் கோடு போடும்.

நிறமாலை முதலில் தூரத்தைச் சொல்லும். 3சி 273 என்று பெயரிட்ட ஒரு புள்ளி பார்வைக்கு வெறும் விண்மீன். 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்தார். 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 563-இல் நின்றது. விரியும் அண்டத்தில் தொலைவு கூடக் கூடக் கோடு சிவப்புப் பக்கம் நகரும். விண்மீன் என்று நினைத்தது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது! எக்ஸ் கதிரிலும் அது பிரகாசமானது.

அடுத்து, கோட்டின் அகலம். கருந்துளையை ஒட்டி வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் வாயு, ஹைட்ரஜன் கோட்டை அகலமாக இழுத்துவிடும். அதைக் கண்டால் முதல் வகை. எல்லாக் கோடுகளும் ஒல்லியாக இருந்தால், நடுப்பகுதியைத் தூசி மறைத்திருக்கலாம். அது இரண்டாம் வகை. ஆனால் புது விண்மீன்கள் பிறக்கும் மண்டலத்திலும் கோடுகள் ஒல்லிதான். அங்கேதான் குழப்பம். 1981-இல் பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் வழி சொன்னார்கள்: 500.7 நானோமீட்டரில் உள்ள ஆக்ஸிஜன் கோட்டைப் பக்கத்து ஹைட்ரஜன் கோட்டோடும், நைட்ரஜன் கோட்டை 656.3-இல் உள்ள ஹைட்ரஜன் கோட்டோடும் ஒப்பிடு. கருந்துளையின் சுற்றுப்புறத்திலிருந்து வரும் கதிர் கடுமையானது. இரண்டு விகிதங்களும் சேர்ந்து எகிறும். இளம் விண்மீன்களால் அந்த அளவுக்கு முடியாது. வெறும் பெயர் வைக்கிற வேலையா இது? அங்கே என்ன எரிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், இதில்தான் எனக்குத் தனி ஈர்ப்பு. சில மண்டலங்கள் எக்ஸ் கதிரில் பிரகாசமாக இருக்கும். நிறமாலையிலோ கிழட்டு விண்மீன்களின் சாயல் மட்டும், கருந்துளையின் தடயமே இருக்காது. தூசி முழுக்க மூடியிருக்கலாம். அல்லது தொலைவில் மொத்த மண்டலமும் கருவி ஒளியை உள்ளே விடும் ஒரே பிளவுக்குள் அடங்கி, கோடிக்கணக்கான விண்மீன்களின் வெளிச்சம் நடுவின் மெல்லிய கோடுகளை அமுக்கியிருக்கலாம். எடையும் வேண்டும், குவளையும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

சோறு போடுமா என்ற கேள்விதான் என்னை வருத்துகிறது. 1999-இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக. நம் பிள்ளைகளுக்கு எது வேண்டாம் என்பதை அவர்களைக் கேட்காமலே முடிவு செய்யாதீர்கள். வானத்தைப் பரவலாக அளந்த ஸ்லோன் வானாய்வுத் திட்டம் எடுத்த லட்சக்கணக்கான நிறமாலைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் படிவம் 4 படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்றைத் திறந்து கொடுத்து, 656.3-இல் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு எங்கே போய் நிற்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அது கண்டுபிடித்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.