நெரிசலில் மட்டும் ஏறும் வெப்பமானி முள்: ரேடியேட்டரை மாற்றும் முன்

வணக்கம். நெடுஞ்சாலையில் நடுவிலேயே நிற்கும் வெப்பமானி முள் நெரிசலில் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது என்றும், ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றிவருகிறீர்கள் என்றும், மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுவதால், நான் முதலில் சந்தேகிப்பது விசிறியைத்தான். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), மோட்டார் கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள்; கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். ஏசிக்குச் சுழன்று, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால், வெப்ப சென்சாரையும் அதன் வயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

விசிறி சரியாக இருந்தால், ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசியின் குளிர்விப்பான்) ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்புறம் பளிச்சென்று தெரியும் வண்டியிலும் அங்கே தூசியும் பூச்சிகளும் கம்பளிபோல் அப்பியிருப்பதுண்டு. இன்ஜின் நன்றாக ஆறியபின் மெல்லிய நீர்த்தாரையால் கழுவினால் போதும். பிரஷர் வாஷர் ஃபின்களை, அதாவது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை, மடக்கிவிடும்.

நீங்கள் ஊற்றிவரும் போர்வெல் தண்ணீர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதன் உப்பு உட்குழாய்களில் படியும் என்பதால், முழுவதையும் வடித்துவிட்டு, கையேட்டில் குறிப்பிட்ட கூலன்ட்டை (குளிர்விப்புத் திரவம்), அடர்வகையானால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி கலந்து, ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்: அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமலிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாகப் பீறிட்டுக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும்.

இதற்குப் பிறகும் வெளிக்கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், அது இன்ஜினுக்குள்ளேயே கசியலாம்; ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள்.