முப்பது யூனிட் கூடியதற்கு முப்பது வெள்ளியா?

கேள்வி: வீட்டு மின்சாரம் போன மாதம் 590 யூனிட், இந்த மாதம் 620. பில் முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஏறிவிட்டது. மீட்டரில் கோளாறா?

பாவம், மீட்டரை விட்டுவிடுங்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. பெருநாளுக்கு ஈப்போவிலிருந்து அக்கா குடும்பம் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். அடுத்த பில்லைப் பார்த்ததும் நான் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். மகள்தான் இரண்டு பில்லையும் மேசைமேல் வைத்து, "அப்பா, இந்தத் தடவை 600ஐத் தாண்டிட்டோம்" என்றாள்.

பழைய கணக்கு நமக்கெல்லாம் மனப்பாடம். முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40, அதற்கடுத்த 300க்கு 51.60. அதில் கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. 2025 ஜூலை 1 முதல் அந்தப் படிக்கட்டு இல்லை. மாதம் 1,500 யூனிட் வரை எரிக்கும் வீட்டுக்கு எரிசக்தி 27.03, கொள்ளளவு (மின் உற்பத்தித் திறனுக்கான கட்டணம்) 4.55, மின்கம்பிக் கட்டமைப்பு 12.85 என்று எல்லா யூனிட்டுக்கும் 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான ஊக்கக் கழிவு தருகிறார்கள். வில்லங்கம் இந்தக் கழிவில்தான். 551 முதல் 600 வரை என்றால் யூனிட்டுக்கு 9 சென், 601 முதல் 650 வரை என்றால் 7.5 சென். இது மொத்த யூனிட்டுக்கும் பொருந்தும்.

உங்கள் பில்லையே போட்டுப் பார்ப்போம். 590 யூனிட், 35.43 சென் வீதம்: 209.04 வெள்ளி. 620 யூனிட், 36.93 சென் வீதம்: 228.97. 600ஐத் தாண்டியதால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (பில், வாடிக்கையாளர் சேவைக்கான நிலையான தொகை) சேர்கிறது, ஆக 238.97. அந்த முப்பது யூனிட் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு வெள்ளி! இதற்கு மேல், 600ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 சதவீத சேவை வரி உண்டு. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் தொகையும் 600க்கு மேல் போனவர்களுக்குத்தான். அது சில மாதம் கழிவாகவும் வரும், அதை நம்பி இருக்காதீர்கள்.

இதேபோல் இன்னொரு பள்ளம் 350இல் இருக்கிறது. 350 யூனிட்டுக்குச் சுமார் 82 வெள்ளி, 351க்கு 96. சின்னக் குடும்பங்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அதனால் நான் செய்வது ஒன்றுதான். பில்லில் மீட்டர் கணக்கெடுத்த தேதி இருக்கும். அதிலிருந்து இருபதாவது நாள் மீட்டரைப் பார்ப்பேன். அதற்குள் 400 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் அதே வேகத்தில் மாதம் 600ஐத் தாண்டிவிடும், அதனால் கடைசிப் பத்து நாள் வீட்டில் கொஞ்சம் கெடுபிடி.

கெடுபிடி என்றால் எல்லாவற்றிலும் இல்லை. சார்ஜரைப் பிடுங்கி வைப்பதால் பில் அசையாது (அம்மா இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார், நான் தடுப்பதில்லை). குளியலறை ஹீட்டரைப் பாருங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் முழுச் சூட்டில் பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். ஐந்து பேர் தினம் ஒருமுறை குளித்தால் மாதம் 90 யூனிட்! இந்த ஊர் வெயிலுக்கு மத்தியானக் குளியலுக்கும் சுடுதண்ணீர் கேட்கிறார்கள் பிள்ளைகள். குமிழைப் பாதிக்குத் திருப்பி வைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்புறம் ஏர்கோன். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி, 25 டிகிரியில் வைத்துக் கூடவே காற்றாடியும் போட்டால் போதும். 18இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான்.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் நேரவாரிக் கட்டணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் எரிசக்திக்கு வழக்கமான 27.03க்குப் பதில், வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களும் 24.43. பகலில் வீடு பூட்டிக் கிடந்து ராத்திரி மட்டும் ஏர்கோன் ஓடும் குடும்பத்துக்கு லாபம்தான். ஆனால் 500 யூனிட் எரிக்கும் வீட்டில் மிச்சமாவது ஆறேழு வெள்ளி, ஒரு தட்டு நாசி கண்டார் காசு. முதலில் 600ஐப் பாருங்கள்.