பெட்ஸி ராஸ் மட்டும்தானா அக்கா?

கேள்வி: அக்கா, நாங்க நியூஜெர்சில இருக்கோம். பொண்ணுக்கு 8 வயசு, தேர்ட் கிரேடு. ஸ்கூல்ல வேக்ஸ் மியூசியம்னு ஒண்ணு வைக்கறாங்க, பிள்ளைங்க ஆளுக்கொரு பழைய காலத்து அமெரிக்கர் மாதிரி வேஷம் போட்டு சிலையா நிக்கணும், யாராவது கிட்ட வந்தா கதைய சொல்லணும். இவ கிளாசுக்கு சுதந்திரப் போர் காலம். லிஸ்ட்ல பூரா ஆம்பளைங்க பேரு. "அப்ப கேர்ள்ஸ் எல்லாம் என்னம்மா பண்ணிட்டிருந்தாங்க"ன்னு கேக்கறா. நான் மதுரைல படிச்சவ, அமெரிக்கக் கொடி தச்சதா சொல்ற பெட்ஸி ராஸ தவிர எனக்கு ஒருத்தரையும் தெரியல. தேடிப் பாத்தா பாதிக் கதைல அடிமைத்தனம் வருது, இந்த வயசுல அதெல்லாம் சொல்லலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்க பொண்ணு கேட்டத ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்கம்மா, அவ்வளவு நல்ல கேள்வி அது. பத்துப் பேர் கதைய ஒரே நாள்ல கொட்டாதீங்க, பேரும் வருஷமும் மட்டும்தான் மனசுல நிக்கும், ஆள் நிக்க மாட்டா. ஒரே ஒருத்திய எடுங்க, அவ வாழ்க்கைல ஒரே ஒரு நாள்லேருந்து ஆரம்பிங்க.

நான் எடுக்கறது எலிசபெத் ஃப்ரீமன். மாசசூசெட்ஸ்ல ஷெஃபீல்டுங்கற ஊர்ல கர்னல் ஜான் ஆஷ்லி வீட்டுல அடிமையா இருந்தவங்க, அப்ப அவங்கள பெட்னுதான் கூப்பிடுவாங்க. ஒருநாள் அந்த வீட்டு சமையக்கட்டுல லிஸ்ஸிங்கற சின்னப்பொண்ணு, பெரிய பாத்திரத்துல ஒட்டியிருந்த மாவ வழிச்சு தனக்குன்னு ஒரு ரொட்டி சுட்டுக்கிட்டா, அத பாத்த எஜமானியம்மா அடுப்புல பழுக்கக் காஞ்ச இரும்புக் கரண்டிய தூக்கி அவள அடிக்க வந்தாங்க, பெட் குறுக்க போய் அந்த அடிய தன் கைல வாங்கிக்கிட்டாங்க. காயம் ஆறவே ரொம்ப நாளாச்சு. ஆனா அந்தக் கைய அவங்க மூடி மறைக்கல, யாராவது வந்து கைல என்னாச்சுன்னு கேட்டா "அம்மாவ கேளுங்க"ன்னு எஜமானிய காட்டிருவாங்களாம். இத எழுதி வச்சது கேத்தரின் செட்ஜ்விக், சின்ன வயசுல எலிசபெத் கையால வளந்தவங்க.

இதுல ஒரு விஷயம் எனக்கு தாங்கவே முடியாது. மனுஷங்க எல்லாரும் சமம், சுதந்திரமானவங்கன்னு பிரிட்டிஷ்காரங்களுக்கு எதிரா ஷெஃபீல்டுகாரங்க 1773ல ஒரு தீர்மானம் எழுதினாங்க, எழுதின இடம் இதே ஆஷ்லி வீடு. அப்புறம் 1780ல மாசசூசெட்ஸ் அரசியல் சட்டம் வந்துச்சு, அதுலயும் எல்லா மனிதர்களும் சுதந்திரமா, சமமா பிறந்தவங்கன்னு முதல் பிரிவே சொல்லுது. எலிசபெத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் காதால கேட்டதுதான், கேட்டுட்டு தியோடர் செட்ஜ்விக்ங்கற வக்கீல் கிட்ட போய் நின்னாங்க, இந்தச் சட்டம் எனக்கு கிடையாதான்னு. 1781ல கிரேட் பேரிங்டன் கோர்ட்டுல கேஸ் நடந்தது, கூட ப்ராம்ங்கற ஒருத்தரும் சேந்து கேஸ் போட்டிருந்தார், ஜூரி ரெண்டு பேரையும் விடுதலை பண்ணி 30 ஷில்லிங் நஷ்டஈடும் குடுக்கச் சொன்னாங்க. சம்பளம் தரேன் திரும்பி வான்னு ஆஷ்லி கூப்பிட்டும் அவங்க போகல.

இனி உங்க ரெண்டாவது கேள்வி. சொல்லணும்மா, கண்டிப்பா சொல்லணும். அடிமைத்தனத்த எடுத்துட்டா இந்தக் கதைல தைரியம்னு என்ன மிச்சம் இருக்கு? ஆனா வார்த்தைய மழுப்பாதீங்க, "வேலைக்காரி"ன்னு சொன்னா குழந்தைக்கு தப்பாப் புரியும், வேலைக்காரின்னா வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகலாமே. "ஒரு மனுஷிய வித்தாங்க வாங்கினாங்க, சம்பளம் கிடையாது, போகணும்னு நினைச்சாலும் விட மாட்டாங்க, அப்ப சட்டமே அதுக்கு துணையா இருந்துச்சு, அது தப்பு"ன்னு நேரா சொன்னா போதும். கொடுமைகள வரிசையா அடுக்க வேண்டாம், அவ எவ்வளவு கேக்கறாளோ அவ்வளவு சொல்லுங்க. அழுதா கூட உக்காந்திருங்க, அவசரமா கார்ட்டூன் போட்டு மறக்க வைக்காதீங்க.

8 வயசுக்கு ரொம்ப கிட்ட வர்ற இன்னொருத்தி ஃபிலிஸ் வீட்லி. 1761ல மேற்கு ஆப்பிரிக்காலேருந்து பிடிச்சிட்டு வந்து பாஸ்டன்ல வித்தாங்க, முன்பல் விழுந்திருந்தத வச்சுத்தான் ஏழு வயசு இருக்கும்னு கணக்குப் போட்டாங்க. கப்பல் பேரு ஃபிலிஸ், அதையே பிள்ளைக்கும் வச்சாங்க. அந்தப் பிள்ளை இங்கிலீஷ் கத்துக்கிட்டு கவிதை எழுதி, 1773ல லண்டன்ல புத்தகமா வந்துச்சு, இத இவதான் எழுதினான்னு பாஸ்டன்ல பெரிய மனுஷங்க 18 பேர் கையெழுத்துப் போட்டுக் குடுக்க வேண்டியிருந்தது. உங்க பொண்ணுக்கும் பல் விழுந்து முளைச்சிருக்கும் இல்ல? அதுலேருந்தே ஆரம்பிங்க.

பெட்ஸி ராஸ தூக்கிப் போட வேண்டாம். ஆனா வாஷிங்டன் கடைக்கு வந்து கொடி தைக்கச் சொன்னார்ங்கறது அவங்க பேரன் 1870ல சொல்லி வெளிய வந்தது, அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லன்னு குழந்தைகிட்ட சொல்லிடுங்க. ஆதாரம் இருக்கறது இது: 1776ல புருஷன் இறந்தப்ப அவங்களுக்கு 24 வயசு, கடைய தனியா நடத்தினாங்க, பென்சில்வேனியா கப்பல்களுக்குக் கொடி தச்சு 1777ல பணம் வாங்கின பதிவு இருக்கு. எனக்கு இதுதான் அந்தக் கட்டுக்கதைய விட பெருசாத் தெரியுது.

டீச்சர் அனேகமா டெபோரா சாம்ப்சன் பேர சொல்லுவாங்க. 1782ல ராபர்ட்னு ஆம்பளப் பேர்ல பட்டாளத்துல சேந்து ஒரு வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சவங்க, 1783ல பிலடெல்பியால காய்ச்சல்ல படுத்தப்பதான் டாக்டருக்கே தெரிஞ்சது. அருமையான கதைதான், ஆனா முதல் கதையா வேண்டாம்னு எனக்குத் தோணுது, துப்பாக்கி தூக்கினாத்தான் தைரியம்னு பதிஞ்சிடும்.

பிலடெல்பியால இருக்கற லிபர்ட்டி பெல்ங்கற சுதந்திர மணிய பாக்க என்னைக்காவது போவீங்க இல்ல, பக்கத்துலதான் பிரசிடெண்ட் வாஷிங்டன் குடியிருந்த வீடு இருந்துச்சு. 1796 மே 21, வாஷிங்டன் குடும்பம் சாப்பிட்டுட்டிருந்த நேரத்துல ஓனா ஜட்ஜ்ங்கற அடிமைப் பொண்ணு வாசல் தாண்டிப் போய் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போயிட்டா. வாஷிங்டன் ஆள் அனுப்பிப் பாத்தும் பிடிக்க முடியல. அந்தக் கதைய அந்த இடத்துல நின்னு சொல்லுங்க.

வேஷம் பத்தி கடைசியா. எலிசபெத்த 1811ல பாத்து வரைஞ்ச சின்ன ஓவியம் ஒண்ணு இருக்கு, நீல கவுன், வெள்ளைத் தொப்பி, கழுத்துல தங்க மணிமாலை. அந்த உடுப்பு போதும், முகத்துல மட்டும் கருப்பு மை பூசவே பூசாதீங்க, அமெரிக்கால கருப்பின மக்கள கேலி பண்ண ரொம்ப காலம் அப்படித்தான் பூசிக்கிட்டாங்க, அது பெரிய அவமானம். டீச்சர்கிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தழும்பெல்லாம் வரைய வேண்டாம், ஒரு கை சட்டைய மட்டும் முழங்கைக்கு மேல மடிச்சு விடுங்க. கைல என்னாச்சு பாப்பான்னு யாராவது கேப்பாங்க, என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியும்.