பயிற்சியில் ஸ்ட்ரைக், மேட்சில் தலைக்கு மேல்

சாஃப்ட்பால் மேட்ச் நடுவில் உங்கள் மகளின் கை வீச்சைத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் திருத்த வேண்டும்.

பயிற்சியில் நன்றாகப் பந்து போடும் 12 வயதுப் பெண், மேட்சில் இரண்டு வாக் (நான்கு தவறான பந்து போட்டு, மட்டையாளரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்புவது) கொடுத்ததும் எல்லாப் பந்தையும் மேலே அனுப்புகிறாள் என்கிறீர்கள். பதற்றத்தில் விரல்கள் பந்தை இறுக்கிப் பிடித்திருக்கும், விடுவது தாமதமாகும். விண்ட்மில் வீச்சில், அதாவது கையை முழுவட்டமாகச் சுற்றிக் கீழிருந்து வீசும்போது, தாமதமாக விட்டால் பந்து மேலே போகும், சீக்கிரம் விட்டால் தரையில் குத்தும். என் மகளுக்கும் இதேதான்.

சோதித்துப் பார்க்க: பக்கவாட்டில் நின்று ஒரு இன்னிங்ஸ் வீடியோ எடுங்கள். இரண்டு பந்துகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். வாக் விழுந்த பிறகு அந்த இடைவெளி சுருங்குகிறதா? அப்படியென்றால் அவசரம்தான் காரணம். பந்தை வாங்கியதும் பிட்சிங் தட்டுக்கு (பந்து போடுபவர் கால் வைக்கும் பலகை) பின்னால் நின்று ஒரு நீண்ட மூச்சு, விரல்களை உதறல், மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பார்த்தல், அப்புறம்தான் தட்டில் ஏற வேண்டும். வீட்டுப் பயிற்சியிலும் இதே வரிசைதான். நீங்களே மட்டையோடு நின்று "மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்" என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள் (பால் என்றால் தவறான பந்து, ஸ்ட்ரைக் என்றால் சரியான பந்து; இன்னொரு பால் விழுந்தால் வாக் என்ற நெருக்கடி). வெறும் வலைக்கு நூறு பந்து போடுவதைவிட இது மேல்.

இந்த வருடம்தான் 10 வயதுப் பிரிவிலிருந்து மாறினாளா? அமெரிக்காவில் பந்து போடும் தூரம் 35 அடியிலிருந்து 40 ஆகிறது, பந்தின் சுற்றளவும் 11 அங்குலத்திலிருந்து 12. அப்போது பயம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

தோள் வலி என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், வேலிக்கு வெளியிலிருந்து "ஸ்ட்ரைக் போடும்மா" என்று கத்தவே கத்தாதீர்கள்.